பட்டத்து ராணியின் புழுத்தட்டு

நிங் தேவி அந்தப்புர விசாரணைச் சாலைக்குள் ஓடி வந்தபோது அவளுடைய ஒரு காலில் மட்டும்தான் செருப்பு இருந்தது. பேரரசரின் மனைவியரில் ஒருத்தி பல்லக்கு இல்லாமல், தோழி இல்லாமல், கொண்டை அவிழ்ந்து தோளில் புரள, கல் பாவிய முற்றத்தைத் தன் காலால் கடந்து வருவதை, சாலையின் எழுத்துக்காரி மியாவ் தன் பத்தொன்பது வருட அரண்மனை வாழ்க்கையில் கண்டதில்லை. அவள் அரைத்துக்கொண்டிருந்த மைக்கட்டி கையிலிருந்து நழுவியது.

“ஷென் அம்மா எங்கே?”

“உள்ளே இருக்காங்க தேவி. முதல்ல உட்காருங்க. என்ன ஆச்சு?”

“உட்கார நேரமில்லடி. சாயங்கால முரசு அடிக்கறதுக்குள்ள என் கதையை முடிச்சிடுவாங்க. பட்டத்து ராணியோட புழுக்களை நான் கொன்னுட்டேனாம்!”

அந்த வசந்தத்தில் அரண்மனையில் யாருக்குமே மனம் ஒரு நிலையில் இல்லை. மாரிக்காலத்திலிருந்தே பேரரசர் ரத்தமாகத் துப்பிக்கொண்டிருந்தார். நடைபாதையில் இரண்டு பேர் நின்று பேசினால், மூன்றாவது ஆள் வந்ததும் பேச்சு நின்றது. பேரரசர் கண் மூடினால், பிள்ளை பெறாத மனைவியரும் பணிப்பெண்களும் அவருக்குத் துணையாக மறுவுலகுக்கு அனுப்பப்படுவது பழைய வழக்கம். பட்டியல் தயாராகிறது என்றார்கள். தன் பெயரும் அதில் இருக்கிறதா என்று கேட்கத் துணிந்தவள் ஒருத்தியும் இல்லை.

இந்த நேரத்தில்தான் புழுக்கள் செத்திருக்கின்றன. ஆண்டுதோறும் பட்டத்து ராணி தன் கையால் முசுக்கட்டை இலை போட்டு ஒரு தட்டுப் புழுவை வளர்ப்பாள். அந்தக் கூட்டின் பட்டுதான் முன்னோர் பலிபீடத்துக்குப் போகும். அந்தத் தட்டுக்கு ஒரு குறை வந்தால் நாட்டுக்கே வந்ததாகக் கணக்கு.

ஷென் யூஹெங் உள்ளறையிலிருந்து வந்தாள். ஐம்பது வயது, ஒடிசலான உடம்பு. கோடையிலும் இரண்டு கையாலும் சூடான தேநீர்க் கிண்ணத்தைப் பிடித்திருப்பது அவள் வழக்கம். விசாரணைச் சாலைக்குத் தலைவியாகி இருபது வருடமாகிறது. இதுவரை அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

“நடந்ததை நடந்த வரிசையில சொல்லுங்க தேவி.”

“நேத்து மத்தியானம் புழுக்கூடத்துக்குப் போனேன். சும்மா வேடிக்கை பார்க்கத்தான். ராணியோட தட்டு பக்கத்துல நின்னேன், திரும்பி வந்துட்டேன். இன்னிக்குக் காலையில தட்டு முழுக்கச் செத்துக் கிடக்குதாம். இலைக்கு அடியில கற்பூரப் பை ஒண்ணு கிடைச்சுதாம். பையில நான் தைச்ச நாரை இருக்குதாம்!”

“பை உங்களுதுதானா?”

“கைவேலை என்னுதுதான். புத்தாண்டுக்கு மூணே மூணு தைச்சேன். ஒண்ணு மூத்த ராணியம்மாவுக்கு, ஒண்ணு பட்டத்து ராணிக்கு, ஒண்ணு எனக்கு. என்னுது இதோ இருக்கு.” அவள் இடுப்புக் கயிற்றில் வெள்ளை நாரை தைத்த நீலப்பை ஆடியது. “இதைக் காட்டினேன். நாலாவதா ஒண்ணு திருட்டுத்தனமா தைச்சிருப்பேன்னு சொல்றாரு தோவ்.”

தோவ், பட்டத்து ராணியின் மாளிகைக்குத் தலைமை அண்ணகர்; அந்தப்புரப் பணிக்காக ஆண்மை நீக்கப்பட்டவர். பேரரசர் நோயில் படுத்ததிலிருந்து நிங் தேவியைத்தான் கஞ்சி ஊட்டக் கூப்பிடுகிறார் என்பதும், பட்டத்து ராணியின் மாளிகையில் அதனால் பற்கள் நறநறக்கின்றன என்பதும் அரண்மனைப் பூனைக்கும் தெரிந்த செய்தி.

“மூத்த ராணியம்மா இன்னிக்குச் சாயங்காலம் தீர்ப்புச் சொல்றாங்க. பின்வாசல் வழியா ஓடி வந்தேன்.” நிங் தேவி அவிழ்ந்த கொண்டையை அள்ளி முடிந்தாள். “கற்பூரம் புழுவுக்கு ஆகாதுன்னுகூட எனக்குத் தெரியாது ஷென் அம்மா.”

“வந்த வழியே திரும்பிப் போங்க. போறப்ப அந்த இன்னொரு செருப்பைத் தேடி எடுத்துக்குங்க. செருப்பில்லாம ஓடினவள்னு அதையும் உங்க குத்தத்துல சேர்த்துடுவாங்க.”

அவள் போனதும் மியாவ் பொங்கினாள். “தோவ்தான் அம்மா! வேற யாரு? அந்த மூஞ்சியைப் பார்த்தாலே தெரியல?”

“மூஞ்சியை வச்சு தீர்ப்பு எழுதினா நம்ம ரெண்டு பேரும் என்னிக்கோ தூக்குல தொங்கியிருப்போம். காலையில வந்த அறிக்கைகளை எடு.”

இன்னும் பிரிக்காத இரண்டு சீட்டுகள் இருந்தன. முதல் சீட்டு விடியலில், புழுக்கூடத்துத் தலைவி தாவ் எழுதியது. மியாவ் உரக்கப் படித்தாள். “‘பட்டத்து ராணியாரின் தட்டில் புழுக்கள் அடங்கிவிட்டன. வானம் தன் மனத்தாங்கலைக் காட்டியிருக்கிறது.’ அவ்வளவுதான். ரெண்டாவது ஒரு நாழிகை கழிச்சு தோவ் எழுதினது. கற்பூரப் பை, நிங் தேவி, துரோகம், இத்யாதி.”

“முதல் சீட்டுல பை இல்ல.”

“அவங்க பார்க்கலையோ என்னவோ.”

“முப்பத்தாறு வருஷமா புழு வளர்க்கறவ. ஒரு புழு கோணலா நெளிஞ்சாலே என்ன தின்னுச்சு, எந்தக் காத்து பட்டுச்சுன்னு குடைஞ்சு எடுக்கறவ. தட்டே போயிருக்கு, காரணம் தேடல. நேரா வானத்துக்குப் போயிட்டா.” ஷென் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “நட.”

* * *

புழுக்கூடம் மேற்கு ஏரிக்கரையில் இருந்தது. ஐந்து தட்டுகளில் புழுக்கள் இலை அரைக்கும் ஓசை மூங்கில் தோப்பில் மழை பெய்வது போலக் கேட்டது. ஆறாவது தட்டிலிருந்து ஓசையே இல்லை. மியாவுக்கு அந்தத் தட்டின் பக்கம் போகவே கால் கூசியது.

வாசலில் தோவ் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். “விசாரணைச் சாலைக்கு இங்கே என்ன வேலை ஷென் அம்மா? கையும் களவுமா பிடிச்சாச்சே.”

“கையைப் பிடிச்சீங்களா, பையைப் பிடிச்சீங்களா?”

தோவின் கன்னம் சிவந்தது. ஷென் நிற்காமல் உள்ளே போனாள்; தோவும் பின்னாலேயே வந்தார்.

தாவ் தட்டருகே நின்றிருந்தாள். தெற்கே ஹூசோ ஊர்க்காரி; தாயும் பாட்டியும் புழு வளர்த்த குடும்பம். இரவெல்லாம் அழுதவள் போலக் கண் வீங்கியிருந்தது. ஆனால் உடம்பில் புதுச் சலவை நீலச்சட்டை. இழுத்து முடிந்த கொண்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக் கழுத்துப் பட்டையை நனைத்தது.

“தலைக்கு ஊத்தினீங்களா தாவ் அம்மா?” என்றாள் மியாவ், ஏதாவது பேச வேண்டுமே என்று.

தாவ் தட்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள். பின்னாலிருந்து ரூயி என்ற பணிப்பெண்தான் முணுமுணுத்தாள். அவளுக்கு இருபத்தாறு வயதிருக்கும். “எங்களை மட்டும் இருபது நாளா விடல. சீயக்காய் வாசனை புழுவுக்கு ஆகாதாம். தலை நாறுது.”

ஷென் தட்டின் மேல் குனிந்தாள். விரல் பருமன் புழுக்கள், வாயில் பச்சை நீர் வழிய, தலை பின்னுக்கு வளைந்து கிடந்தன. கிழக்கு மூலையில் மட்டும் ஒன்பது புழுக்கள் தலை தூக்கி இலையைத் தேடிக்கொண்டிருந்தன.

“பை எங்கே இருந்துச்சு தோவ் ஐயா?”

“இதோ, இங்கதான். கிழக்கு மூலையில, இலைக்கு அடியில. என் கையால எடுத்தேன்.”

“எழுதிக்கோ மியாவ். ரூயி, இந்த ஒன்பதும் எப்படிப் பொழைச்சுது?”

“இதுங்க தூங்குமூஞ்சிங்க அம்மா. மத்ததெல்லாம் சட்டை உரிச்சு நாலு நாளாச்சு. இதுங்க இப்பத்தான் உரிச்சிட்டு முழிச்சிருக்கு. நேத்துலேர்ந்து ஒரு வாய் திங்கல.”

ஷென் தட்டின் நடுவிலிருந்து பாதி தின்ற இலை ஒன்றை எடுத்தாள். முகர்ந்தாள். பிறகு, மியாவ் பதறித் தடுப்பதற்குள், ஓரத்தைக் கடித்து மென்று கைக்குட்டையில் துப்பினாள்.

“நீயும் கொஞ்சம் மென்னு பாரு.”

“நானா? எனக்கென்ன தலையெழுத்தா?”

“துப்பிடு. சாக மாட்டே.”

மியாவ் கடித்தாள். கசப்பு நாக்கில் ஏறித் தொண்டைவரை இறங்கியது. அடுத்த தட்டு இலையை மென்றபோது வெறும் பச்சிலைச் சுவைதான் இருந்தது.

ரூயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சாய்ந்தாள்.

“உடம்புக்கு என்ன?”

“வயித்துல பூச்சி அம்மா. பத்து நாளா உயிரை எடுக்குது.”

“மருந்து சாப்பிடலையா?”

“தாவ் அம்மாதான் மருந்துச்சாலையில வாங்கி, காய்ச்சிக் கொடுத்தாங்க. மூணு வேளை குடிச்சேன். குடிக்கவும் ஒண்ணும் கஷ்டமில்ல, தித்திப்பா, இலந்தைப்பழ வாசனையா இருந்துச்சு. ஆனா கேட்கல.”

மியாவ் எழுதிக்கொண்டாள். ஷென் அதற்குள் பின்னறைக்குப் போயிருந்தாள். அங்கே தறியின் பக்கத்தில் சாயமேற்றாத வெள்ளைப் பட்டு மடித்து அடுக்கப்பட்டிருந்தது. ஷென் ஒரு மடிப்பைப் பிரித்துக் கையால் அளந்தாள். அடுத்ததை அளந்தாள். எல்லாம் ஒரே நீளம், ஆறு முழம்.

“ஆடைக்குப் போதாது. திரைக்கு அகலம் காணாது. இது எதுக்கு தாவ்?”

“மேலிடத்து உத்தரவு.” அன்று முதன்முறையாக வாய் திறந்த தாவின் குரல் உடைந்திருந்தது. “எதுக்குன்னு யாரும் சொல்லல. நாற்பது துண்டு கேட்டாங்க.”

ஷென் நெடுநேரம் அந்தத் துணியின் மேல் கை வைத்தபடி நின்றாள். பிறகு பிரித்ததைப் பழையபடி மடித்து வைத்தாள்.

* * *

மதியம் முழுக்க மியாவ் ஓடினாள். முதலில் மருந்துச்சாலை. பிறகு பட்டத்து ராணியின் உடைமாளிகை, அங்கே பெட்டிகளைக் காக்கிற கிழவியிடம் நயமாகப் பேசி விஷயத்தைக் கறக்க வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது. முகம் வெற்றியில் பளபளத்தது.

“பிடிச்சுட்டேன் அம்மா! மருந்துச்சாலை ஏட்டுல இருக்கு. நாலு நாளைக்கு முன்னாடி மலைவேம்புப் பட்டை, மூணு பொட்டலம், ரூயியோட வயித்துப் பூச்சிக்குன்னு வாங்கியிருக்காங்க. வயித்துப் பூச்சியைக் கொல்றது பட்டுப்பூச்சியை விடுமா? அந்த ரூயிதான். தோவ் அவளை ஏவி விட்டிருக்காரு!”

“பை?”

“பட்டத்து ராணிக்கு வந்த பை பெட்டியில இல்ல. இன்னிக்குக் காலையில தோவே வந்து எடுத்துட்டுப் போனாராம்.”

“எப்போ?”

“புழு செத்த சேதி வந்த பிறகு.”

ஷென் தலையசைத்தாள். “பாதி சரி. மீதிப் பாதிக்கு உன் ஏட்டுலயே ஒரு வார்த்தை இருக்கு. ரூயி சொன்னது. அதைத் திரும்பப் படி.”

மியாவ் படித்தாள். ஒருமுறை, இருமுறை. மூன்றாம் முறை படிக்கும்போது காலையில் நாக்கில் ஏறிய கசப்பு ஞாபகம் வந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“வேண்டாம் அம்மா,” என்றாள் மெதுவாக. “அவங்களா இருக்க வேண்டாம்.”

“நேரமாச்சு. எழுந்திரு.”

* * *

மூத்த ராணியம்மாவின் கூடத்தில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். எழுபது வயதுக் கிழவி, பேரரசரின் தாய், உயர்ந்த ஆசனத்தில் முழங்காலில் கம்பளி போர்த்தி அமர்ந்திருந்தாள். மகன் படுக்கையில் கிடக்கும் இந்த மாதங்களில் அவள் பாதியாக இளைத்திருந்தாள். கண் மட்டும் பழைய கண். கீழே நிங் தேவி மண்டியிட்டிருந்தாள். தோவ் ஒருபுறம், தாவும் ரூயியும் மறுபுறம். மியாவ் தூரிகையுடன் ஓரமாக உட்கார்ந்தாள்.

“ஷென், நீ குறுக்கே வர்றேன்னு சொன்னாங்க. சீக்கிரம் சொல்லு. எனக்கு என் பிள்ளைகிட்ட போகணும்.”

“ஒரு கேள்விதான் ராணியம்மா. கற்பூர வாசனைதான் புழுவைக் கொன்னதுன்னா, முதல்ல சாக வேண்டியது எது?”

“பைக்குப் பக்கத்துல இருக்கறது.”

“பை கிழக்கு மூலையில இருந்துச்சுன்னு தோவ் ஐயாவே எல்லார் முன்னாடியும் சொன்னாரு. தட்டு முழுக்கச் செத்துப் போச்சு. கிழக்கு மூலையில மட்டும் ஒன்பது புழு உயிரோட இருக்கு. பைமேலயே படுத்துத் தூங்கி, சட்டை உரிச்சு, எழுந்து பசிக்குதுன்னு தலை தூக்குது. தூங்கற புழு திங்காது, ஆனா மூச்சு விடும். வாசனையில செத்திருந்தா அதுங்கதான் முதல்ல போயிருக்கணும். செத்ததெல்லாம் தின்ன புழு. பொழைச்சதெல்லாம் திங்காத புழு. நஞ்சு காத்துல இல்ல, இலையில.”

தோவ் கைக்குட்டையைக் கசக்கினார்.

“அப்ப அந்தப் பை?” என்றாள் கிழவி.

“விடியல்ல தாவ் எழுதின சீட்டுல பை இல்ல. தோவ் ஐயா வந்த பிறகு பை இருக்கு. நிங் தேவி தைச்சது மூணு. அவங்களுது அவங்க இடுப்புல இருக்கு. உங்களுது?”

கிழவி தலையணைக்கு அடியிலிருந்து நீலப்பையை எடுத்து மடியில் போட்டாள்.

“மூணாவது பட்டத்து ராணியார் பெட்டியில இருந்திருக்கணும். இன்னிக்குக் காலையில தோவ் ஐயா அதை எடுத்துட்டுப் போனதா பெட்டிக் காவல்காரி சொல்றா. இப்ப அதைக் காட்டச் சொல்லுங்க.”

தோவ் தன் சட்டைக்கையைத் துழாவினார். “அது… எங்கேயோ வழியில…”

“வழியில விழுந்த பை நடந்து போய்ப் புழுத்தட்டுல ஏறிக்கிச்சா?” என்றாள் மூத்த ராணியம்மா. “புழு செத்த சேதி காதுல விழுந்ததும் எவளை மாட்டலாம்னு பையைத் தூக்கிட்டு ஓடியிருக்கே. இந்த ஆளைக் கொண்டு போங்க. நிங், நீ எழுந்திரு. போய் முகம் கழுவு.”

காவலர்கள் தோவை இழுத்துச் சென்றார்கள். நிங் தேவி கையை ஊன்றி எழுந்தாள். ரூயிதான் தோள் கொடுத்து வெளியே அழைத்துப் போனாள்.

“சரி. இலையில நஞ்சு வச்சது யாரு?”

ஷென் குனிந்து வணங்கினாள். “கூடத்தைக் காலி பண்ணச் சொல்லுங்க ராணியம்மா. தாவ் மட்டும் இருக்கட்டும்.”

பணிப்பெண்கள் வெளியேறினார்கள். மியாவும் எழப் போனாள், ஷென் கையமர்த்தினாள். கதவு சாத்தப்பட்டது.

“மலைவேம்புப் பட்டை வாயில வைக்க முடியாத கசப்பு. ரூயிக்குன்னு மூணு பொட்டலம் வாங்கிக் காய்ச்சினது தாவ். ரூயி குடிச்சது தித்திப்பு. இலந்தைப்பழக் கஷாயம். அப்ப அந்தக் கசப்பு எங்கே போச்சு? இலையில இருக்கு. நானும் மியாவும் மென்னு பார்த்தோம். இன்னொண்ணு. புழு மாசத்துல தலைக்கு ஊத்தக்கூடாதுன்னு சட்டம் போட்டவளே இன்னிக்குத் தலைக்கு ஊத்தி, சலவைச்சட்டை போட்டிருக்கா. எங்க பக்கத்துல அது யாரு செய்வாங்கன்னா, திரும்பி வர மாட்டோம்னு தெரிஞ்சு கிளம்பறவங்க.”

தாவ் தரையில் நெற்றி படப் படுத்தாள். “உங்ககிட்டதான் கிளம்பினேன் ஷென் அம்மா. நிங் தேவி பேர் அடிபட்டதும் வந்து சொல்லிடணும்னு குளிச்சேன். அதுக்குள்ள நீங்களே வந்துட்டீங்க. வாயே வரல எனக்கு. சொல்லிடணும் சொல்லிடணும்னு ஒவ்வொரு நிமிஷமும் நினைச்சேன்.”

“ஏன்டி?” மூத்த ராணியம்மாவின் குரல் இறங்கியிருந்தது. “நீ பெத்த பிள்ளை மாதிரி வளர்த்த புழு.”

தாவ் நெற்றியைத் தரையில் இன்னும் அழுத்தினாள். ஷென்தான் பேசினாள்.

“பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி மழை பொய்ச்சப்ப, வானத்துக்கு மனத்தாங்கல்னு மந்திரிங்க எழுதிக் கொடுத்தாங்க. பூட்டி வச்ச பெண்களோட பெருமூச்சு வானத்துக்குப் போச்சுன்னு அறுபது பேரை வீட்டுக்கு அனுப்பினோம். அந்த ‘வானம் மனத்தாங்கலைக் காட்டியிருக்கிறது’ங்கற வார்த்தை அப்படியே தாவோட சீட்டுல இருக்கு. அவளோட பின்னறையில ஆறு முழத்துல நாற்பது வெள்ளைத்துண்டு இருக்கு ராணியம்மா. என்ன துணின்னு அவளுக்கு யாரும் சொல்லல. நெய்யறவளுக்குச் சொல்லணுமா? உத்தரத்துல முடிச்சுப் போட்டா கழுத்துக்கு எத்தனை முழம் வேணும்னு?”

மியாவின் தூரிகையிலிருந்து மை சொட்டித் தாளில் பரவியது. அவள் துடைக்கவில்லை. காலையில் அந்த மடிப்புகளின் பக்கத்தில்தான் அவள் நின்றிருந்தாள். அதில் ஒன்று தனக்காக இருந்திருக்கலாம்.

“அத்தனையும் நான்தான் நெய்தேன்,” தாவ் தரையைப் பார்த்தபடியே சொன்னாள். “ஒவ்வொரு துண்டு முடிக்கறப்பவும் ஒருத்தி முகம் வரும். இது ரூயிக்கு, இது சமையல்கட்டுப் பொண்ணு மேய்க்கு, இது அந்த நிங் தேவிக்குன்னு. மந்திரிங்களுக்கு எழுதத் தெரியும். எனக்குப் புழுதான் தெரியும். வானத்துக்குக் கோபம்னா மறுபடியும் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்புவாங்கன்னு நினைச்சேன். அதுங்ககிட்ட மன்னிப்பு கேட்டுட்டுத்தான் போட்டேன். சாயங்காலத் தீனி. ஆசை ஆசையா தின்னுச்சுங்க.”

வெளியே சாயங்கால முரசு அடித்து ஓய்ந்தது.

“என் புருஷன் போனப்ப முப்பது பேர்,” என்றாள் மூத்த ராணியம்மா. “நான் பிள்ளை பெத்தவ, அதனால தப்பிச்சேன். அவங்களுக்கு விருந்து வச்சாங்க. பரிமாறச் சொல்லி என்னைத்தான் நிறுத்தினாங்க. என் ஊர்க்காரி ஒருத்தி, பேர் லியான். மீனைத் தொடவே இல்ல. முள்ளு இருக்கும், பயமா இருக்குன்னா. அரைநாழிகையில சாகப் போறவ, முள்ளுக்குப் பயந்தா.” அவள் மடியிலிருந்த பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நான் எடுத்துத் தரேன்டின்னு சொல்லியிருக்கலாம். சொல்லல.”

பிறகு அவள் நிமிர்ந்தாள்.

“ஷென், அறிக்கையில என்ன எழுதுவே?”

“நடந்ததை. இருபது வருஷமா நான் பொய் எழுதினதில்ல. இன்னிக்கும் மாட்டேன்.”

மியாவ் தூரிகையைக் கீழே வைத்தாள். உண்மை தாளில் ஏறினால் தாவின் தலை போகும்; வானத்தின் கோபமும் வெறும் மலைவேம்புக் கஷாயமாகிவிடும்.

“உன் சாலையோட வேலை என்ன?” கிழவி நிதானமாகக் கேட்டாள்.

“அந்தப்புரத்து மனுஷங்க செய்யற குத்தத்தை விசாரிக்கறது.”

“நிங் உன்கிட்ட என்ன கேட்டு வந்தா?”

“தன்மேல விழுந்த பழி பொய்யா இல்லையான்னு.”

“அதுக்குப் பதில் கிடைச்சாச்சு. அதை எழுது. தோவ் வச்ச பையை எழுது. ஒரு எழுத்துக் குறையாம உண்மையா எழுது. புழு ஏன் செத்ததுங்கறது உன் வேலை இல்ல. பலிபீடத்துக்குப் போற புழு. அதுக்குப் பலன் சொல்ல வேண்டியது வானநூல்காரங்க. நாளைக்குக் கேட்டு அனுப்பறேன். கேட்கறது நான்னா அவங்க என்ன பலன் சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும்.”

ஷென் ஒரு கையை இன்னொரு கையால் இறுகப் பிடித்திருந்தாள். இந்த ஒரு முடிச்சு மட்டும் அவிழாமல் அவளுக்குள் இருக்கப் போகிறது என்று மியாவுக்குப் புரிந்தது. கடைசியில் ஷென் தலை வணங்கினாள். “மியாவ், புதுத் தாள் எடு.”

“தாவ்,” என்றாள் மூத்த ராணியம்மா, “வீட்டுக்கு அனுப்பற பட்டியல்ல உன் பேர் வராது. செஞ்சது செஞ்சதுதான். என் கண்ணு முன்னாடியே, நான் இருக்கறவரைக்கும் புழு வளர்த்துக்கிட்டு இரு. நாளைக்குக் காலையில அந்த நாற்பது துண்டுக்கும் சாயம் ஏத்து. என்ன நிறம்னு கேட்காதே. வெள்ளையா இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.”

தாவ் எழுந்து உட்கார்ந்தாள். கூடத்தில் அதுவரை அடக்கியிருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

* * *

பதினெட்டாம் நாள் ஆணை வந்தது. வானத்தின் மனத்தாங்கலைத் தணிக்க, பத்து வருடத்துக்கு மேல் பணி செய்த, பிள்ளையில்லாத பெண்கள் எல்லோரும் வீடு திரும்பலாம். நிங் தேவி போன்ற மனைவியர் மலைமேல் மடத்துக்குப் போய்ப் பேரரசரின் நலத்துக்காக வேண்டிக்கொள்வார்கள். பட்டியலின் மூன்றாம் வரியில் மியாவின் பெயர் இருந்தது. ஷென்னின் கையெழுத்து.

“உங்க பேர் எங்கே அம்மா?”

“பட்டியலை எழுதறவ தன் பேரை எழுதக்கூடாது. அது ஒரு வழக்கம்.”

“அப்படி ஒரு வழக்கமும் இல்ல. நான் எல்லா ஏடும் படிச்சிருக்கேன்.”

“படிச்சதை மறந்துடு,” என்றாள் ஷென். மியாவின் கழுத்துப் பட்டையைச் சரி செய்தாள். “தாவ் இங்க தனியா இருக்கக்கூடாது. போ, கூட்டம் நகருது.”

வடக்கு வாயிலில் மூட்டைகளோடு நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் நெருக்கியடித்தார்கள். யாராலும் நிற்க முடியவில்லை. உத்தரவு மாறிவிடுமோ, பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டு விடுவார்களோ என்ற பயத்தில் முன்னால் இருப்பவளின் முதுகைத் தள்ளினார்கள். ரூயி சிரித்துக்கொண்டே அழுதாள். மியாவ் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். விசாரணைச் சாலையின் கூரை மட்டும் தெரிந்தது.

வாயிற்காவலர் ஏட்டிலிருந்து தலை தூக்கவில்லை. “பேரு?”

“மியாவ் சின்.”

“எங்கே போறே?”

பத்தொன்பது வருடமாக மற்றவர்களின் பதில்களை எழுதியவளுக்குத் தன் பதில் வாயில் வரவில்லை. அண்ணன் இருந்த தெருவின் பெயர் நாக்கின் நுனியில் நின்றது, இறங்கவில்லை.

“சொல்லும்மா. எழுதணும்ல? எங்கே போறே?”

“முதல்ல வெளியே,” என்றாள் மியாவ். காவலர் அதை எழுதலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் அவள் வாயிலைக் கடந்துவிட்டாள்.